பேட்டரிமேல் பழி போடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்

"பேட்டரி போயிடுச்சு சார். வந்த விலைக்குத் தள்ளிட்டு வேற வண்டி பாருங்க."

பத்து வயதைத் தாண்டிய ஹைப்ரிட் காரை வைத்திருப்பவர் புழல், மாதவரம், செங்குன்றம் வட்டாரத்தில் யோசனை கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். மெக்கானிக் சொல்வார், செகண்ட்ஸ் கார் புரோக்கர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். சிக்னலில் நின்ற எஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கலாம். மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறலாம். மைலேஜ் மாதாமாதம் இறங்கலாம். புகார் எதுவானாலும் தீர்ப்பு ஒன்றே. பானட்டைத் திறந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகு அப்படிச் சொன்னால் மறுக்க ஒன்றுமில்லை. பார்க்காமலே சொல்கிறார்கள். நன்றாக ஓடக்கூடிய வண்டிகள் அந்த ஒரு வாக்கியத்தால் அடிமாட்டு விலைக்குப் போகின்றன.

ஹைப்ரிட் என்றாலே பேட்டரியில் ஓடும் வண்டி என்ற எண்ணத்தில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது. இந்தியாவுக்கு முதலில் வந்த சிவிக் ஹைப்ரிட், பிறகு வந்த ப்ரியஸ், கேம்ரி ஹைப்ரிட் ஆகிய எதையும் வீட்டில் ஒயர் மாட்டிச் சார்ஜ் போட முடியாது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்குமான சக்தி கடைசியில் பெட்ரோல் டேங்கிலிருந்துதான் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திரும்பும் மின்சாரம்கூட, முன்பு பெட்ரோலை எரித்துப் பெற்ற வேகத்தின் மிச்சம்தான். அந்தப் பெட்ரோலைப் பற்றவைப்பது பிளக். அது சரியாகப் பற்றவைக்காவிட்டால் மேலே எத்தனை மோட்டார், எத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் வண்டிக்குச் சோறு கிடையாது.

இந்த எண்ணம் இங்கே வேர்விட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட்டை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 20 லட்சத்துக்கு மேல். முழு வண்டியாக இறக்குமதி. விற்பனை நடக்காமல் பிறகு பல லட்சம் குறைத்துத்தான் தள்ளினார்கள். டொயோட்டா ப்ரியஸ் 2010-இல் வந்தது. அதுவும் எட்டாத விலை. கர்நாடகத்தின் பிடதியில் பொருத்தப்பட்ட கேம்ரி ஹைப்ரிட் 2013-இல் வந்தது. மூன்றும் ஓடியது கொஞ்சம். வாரன்டி இருந்தவரை கம்பெனி சர்வீஸைத் தாண்டி வெளியே வரவில்லை. தெருவோர ஷெட்டுகளில் இவற்றின் பானட்டைத் திறந்தவர்களே குறைவு. தெரியாத ஒன்றைப் பற்றிக் காதில் விழும் முதல் வார்த்தையே நிலைத்துவிடும். ஹைப்ரிட்டைப் பற்றி விழுந்த முதல் வார்த்தை 'பேட்டரி'.

வடசென்னைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இது டீசல் ராஜ்ஜியம். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலையும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும், மாதவரம் லாரி நிறுத்தங்களும் சேர்ந்து ஜி.என்.டி. சாலையோர மெக்கானிக்குகளை வளர்த்தன. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தின் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். இன்ஜெக்டரையும் பம்பையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் கைகளுக்கு, பிளக்கை முதலில் பார்க்கும் பழக்கம் வராமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் அதே கடற்கரையில் வேறொரு பரம்பரையும் இருந்தது. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் செய்தது. புல்லட்காரர்கள் டூல் பாக்ஸில் ஒரு மைக்கோ பிளக்கும் பிளக் ஸ்பேனரும் இல்லாமல் ஊர்ப் பயணம் கிளம்பியதில்லை. வண்டி மிஸ்ஸிங் அடித்தால் முதல் வேலை பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. முனை வெளிர் பழுப்பில் இருந்தால் நலம். கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் சூடு அதிகம், காற்று அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. நாடி பார்க்கும் வைத்தியரைப்போல எஞ்சினுக்குள் நடப்பதைப் பிளக்கில் படித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அந்தப் படிப்பைத்தான் ஹைப்ரிட் காரின் முன்னால் நிற்கும்போது மறந்துவிடுகிறார்கள்.

மறக்க வைப்பது அந்த வண்டியின் கெட்டிக்காரத்தனமே. சாதாரணக் காரில் பிளக் தேய்ந்தால் வண்டியே சொல்லிவிடும். காலையில் நாலு தடவை சாவியைத் திருப்ப வேண்டியிருக்கும். ஐடிலில் எஞ்சின் தடதடக்கும். இரண்டாவது கியரில் ஜெர்க் அடிக்கும். ப்ரியஸில் பழைய பாணி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. அதன் இரண்டு பெரிய மின்மோட்டார்களில் ஒன்று எஞ்சினைச் சுமார் 1,000 சுற்று வேகத்துக்கு இழுத்துவிட்ட பிறகே பெட்ரோலும் பொறியும் சேர்கின்றன. பொறி பலவீனமாக இருந்தாலும் அந்த வேகத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஓட்டுபவருக்கு ஸ்டார்ட்டிங் டிரபிள் என்ற எச்சரிக்கையே கிடைக்காது. சிவிக்கில் மோட்டார் எஞ்சினின் கிராங்க் தண்டோடு நேரடியாக இணைந்திருக்கிறது. ஒரு சிலிண்டர் தவறும்போது குறையும் விசையை அது ஓரளவு நிரப்பிவிடும்.

நிரப்பும் அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? பேட்டரியிலிருந்து. எஞ்சின் தர வேண்டிய வேலையில் குறைந்ததைப் பேட்டரி கொடுக்கிறது. கொடுத்ததை மீண்டும் நிரப்ப எஞ்சின் கூடுதல் நேரம் ஓடுகிறது. திரையில் பேட்டரிக் கோடுகள் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கும், மைலேஜ் சரியும். பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது அந்தக் கோடுகள் மட்டும்தான். உடனே சொல்லிவிடுகிறார், பேட்டரி போச்சு என்று. உண்மையில் பேட்டரி அங்கே நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆள். பிளக்கை மாற்றாமல் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டினால், தேவையில்லாத அந்தச் சுமை பேட்டரியின் ஆயுளையும் தின்னும். கடைசியில் 'நாங்கதான் அப்பவே சொன்னோமே' என்பார்கள்.

இந்த எஞ்சின்களுக்கு நல்ல பொறி மற்ற எஞ்சின்களைவிடக் கூடுதலாகவே தேவை. மூன்றாம் தலைமுறை ப்ரியஸின் 1.8 லிட்டர் எஞ்சின் அட்கின்சன் முறையில் இயங்குவது. அதன் விரிவு விகிதம் 13-க்கு 1. எரிந்த புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி சிலிண்டருக்குள் அனுப்புவார்கள். பெட்ரோல் மிச்சமாகும், ஆனால் புகை கலந்த அந்தக் கலவை எளிதில் பற்றாது. புதுப் பிளக்கின் இடைவெளி சுமார் 1.1 மில்லிமீட்டர். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து துளித் துளியாய் உலோகத்தைக் கொண்டுபோகும், இடைவெளி அகலும், தாண்டிக் குதிக்கத் தேவைப்படும் மின்னழுத்தம் ஏறும். சுமையைத் தாங்காத இக்னிஷன் காயில் அடுத்துப் போகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் பாழாக்கும். சில ஆயிரம் ரூபாய்ப் பிளக் செட்டுக்குச் சோம்பினால், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள பொருள் பலியாகும்.

பழைய ஹைப்ரிட்டின் பேட்டரி செத்தே தீரும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று 2011-இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2001-இல் புதிதாகச் சோதித்த ப்ரியஸைப் போன்றதொரு 2002 மாடல் வண்டியை, 2,00,000 மைலுக்கு மேல் ஓடிய நிலையில், மறுபடி சோதித்தது. நம் கணக்கில் 3,20,000 கிலோமீட்டருக்கும் அதிகம். புதிதில் லிட்டருக்கு 17.3 கிலோமீட்டர் போல. பத்தாண்டுக்குப் பின் 17.2 போல. வித்தியாசம் கைக்குள் அடங்கும் அளவு. அந்த ஊர்க் குளிரும் சென்னை வெயிலும் ஒன்றல்ல, உண்மைதான். வெப்பம் பேட்டரிக்குப் பகை. வயதாவதும் சாவதும் ஒன்றே என்ற முடிவை மட்டும் அந்தச் சோதனை உடைத்துவிட்டது.

இன்னும் பெரிய சான்று பக்கத்திலேயே, கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் வரிச்சலுகை இருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து ப்ரியஸ், அக்குவா, ஆக்சியோ, ஃபிட், வெசல் என்று ஹைப்ரிட்டுகள் வெள்ளமாய் வந்திறங்கின. பல, அங்கே ஓடி முடித்த பழைய வண்டிகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் 'தள்ளிவிட்டு வேறு வண்டி பார்' என்ற யோசனைக்கே அங்கே இடமில்லை. 2022 நெருக்கடியில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பெட்ரோல் வாங்கியபோது தொடக்கத்தில் ஒரு காருக்கு வாரம் 20 லிட்டர்தான். அரை லிட்டர் வீணானாலும் உறைத்த அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் கராஜ்காரர்கள் வண்டிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்தே நோயைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பேட்டரி உண்மையிலேயே கெட்டிருந்தால்கூட முழுப் பேட்டரியை எறியாமல், கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றினார்கள். புழல் காவாங்கரையில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்களுக்கு அக்கரையில் உறவுகள் உண்டு. பழைய ஹைப்ரிட்டை எப்படி ஓட்டுவது என்பதற்கான பாடத்தை ஜப்பான்வரை போய்த் தேட வேண்டியதில்லை.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பேட்டரிகள் சாகத்தான் செய்கின்றன. குறிப்பாக இங்கே வந்த தலைமுறை சிவிக் ஹைப்ரிட்டின் பேட்டரி அமெரிக்காவிலேயே உரிய காலத்துக்கு முன் ஓய்ந்து, வழக்குவரை போன விஷயம். கேள்வி எது முதலில் என்பதே. ஸ்கேனரை மாட்டினால் வண்டி தன் நோயைத் தானே சொல்லும்: டொயோட்டாவில் 'பி0ஏ80' என்று வந்தால் பேட்டரித் தொகுப்பு தளர்ந்துவிட்டது, 'பி0301' முதல் 'பி0304' வரை வந்தால் அந்த எண்ணுள்ள சிலிண்டரில் மிஸ்ஸிங். மூன்றாவது சிலிண்டர் என்று வந்தால் அதன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி மறுபடி ஓட்டிப் பார்ப்பார் அனுபவமுள்ளவர். குறியீடும் இடம் மாறினால் காயில் போனது. மாறாவிட்டால் பிளக்கைப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் வராத பட்டறை இன்று புழலில்கூட அரிது. மாட்டிப் பார்க்கும் பொறுமைதான் வேண்டும். இதோடு இன்னொன்று: பழைய ஹைப்ரிட்டில் சாதாரண 12 வோல்ட் பேட்டரி தளர்ந்தாலே திரையில் விளக்குகள் எல்லாம் எரிந்து பயமுறுத்தும். அதையும் பெரிய பேட்டரியின் சாவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பிளக் மாற்றியும் குலுக்கல் நிற்காத வண்டிகள் உண்டு. மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் புகையைத் திருப்பி அனுப்பும் பாதை கரியால் அடைத்துக்கொள்வதும், வயதான பிறகு ஹெட் கேஸ்கட் கசிவதும் உலகம் அறிந்த கோளாறுகள். அப்போதும் முதல் சாட்சி பிளக்கே. நான்கில் மூன்று பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவிவிட்டதுபோல் வெளுத்துப் பளிச்சென்று வந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறது என்று பொருள். அதனால்தான் கழற்றும்போதே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகச் செய்தித்தாளில் வைக்க வேண்டும். கலந்துபோட்டால் சாட்சியம் கலைந்துவிடும்.

'ஷாக் அடிக்கும், கம்பெனியில் மட்டும்தான் கை வைக்கலாம்' என்பது அடுத்த வாதம். அச்சத்துக்குக் காரணம் உண்டு. ப்ரியஸின் பேட்டரி 201.6 வோல்ட், மோட்டாருக்குப் போகும்போது 650 வோல்ட்வரை ஏறும். ஆளைக் கொல்லும் மின்சாரம், சந்தேகமில்லை. ஆனால் அது ஓடும் ஒயர்களுக்கு ஆரஞ்சு நிறம். அவற்றையும் அவை போய்ச் சேரும் பெட்டியையும் பிரிக்காமலே பிளக்கை மாற்ற முடியும். வண்டியை முழுவதும் அணைத்து 'ரெடி' விளக்கு அவிந்ததை உறுதிசெய்து, ஸ்மார்ட் சாவியை வண்டியிலிருந்து தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட வேண்டும். ரெடியில் இருக்கும் ஹைப்ரிட் சத்தமே இல்லாமல் நிற்கும். நினைத்த நேரத்தில் எஞ்சினைத் தானே சுழற்றும். மெக்கானிக்கின் விரலுக்கு அதுதான் உண்மையான ஆபத்து. ஆரஞ்சு ஒயர் பக்கம் போக வேண்டிய வேலை வந்தால் அப்போது உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, கெப்பாசிட்டர் வடியக் குறைந்தது பத்து நிமிடம் காத்து, உயர் மின்னழுத்தக் கையுறை போட்டவர் செய்யட்டும். பிளக் வேலையை அந்தக் கணக்கில் சேர்ப்பது, வீட்டில் பல்பு மாற்ற டிரான்ஸ்ஃபார்மர்காரரைக் கூப்பிடுவதற்குச் சமம்.

கை வராது என்பதும் பொய். 2003 கடைசியில் வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டுப் பிளக். சென்னை மெக்கானிக்குகள் இருபது வருடமாக அதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிவிக் ஹைப்ரிட்டின் 1.3 லிட்டர் எஞ்சினும் அதே குடும்பம், அதே எட்டுப் பிளக். சிரமம் ஒன்று உண்டு: கைக்கு எட்டும் நான்கை மட்டும் மாற்றிவிட்டு, எட்டாத நான்கை அப்படியே விட்டுவிடும் வழக்கம். பாதி புதிது, பாதி பழையது என்றால் குலுக்கல் போகாது. உடனே மறுபடி 'பேட்டரி'. ப்ரியஸில் வைப்பர் கைகளையும் அதன் கீழுள்ள தகட்டையும் கழற்றினால்தான் கை வசதியாக இறங்கும். கூடுதல் வேலைதான், அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

'இரிடியம் பிளக், ஆயுசுக்கும் தாங்கும்' என்பாரும் உண்டு. இரிடியம் உருகுவதற்கு 2,446 டிகிரி செல்சியஸ் வேண்டும். நிக்கலுக்கு 1,455 போதும். அதனால் சாதாரணப் பிளக் 30,000 கிலோமீட்டரில் ஓயும் இடத்தில் இது ஒரு லட்சத்தையும் தாண்டும். தாண்டும் என்பதால் தேயாது என்றாகிவிடாது. தவிர, 2010-இல் வாங்கி இதுவரை 70,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் பிளக்குக்கு வயது 15 ஆகிவிட்டது. உப்புக் காற்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிளக் குழிக்குள் இறங்கும் தண்ணீரும் பிளக்கின் இரும்பு மரையையும் அலுமினிய ஹெட்டையும் ஒன்றாக இறுக்கிவிடும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வண்டிகளுக்கு இது இரட்டிப்பு உண்மை. காலம் கடந்து கழற்றினால் மரையும் கூடவே பெயர்ந்து வரும். எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுவதும், அதற்கு முன் குழியிலுள்ள மண்ணைக் காற்றடித்து வெளியேற்றுவதும் கட்டாயம்.

மாற்றத் துணிந்தவர்கள் செய்யும் தவறையும் சொல்லியாக வேண்டும். புல்லட் காலத்தில் உப்புத்தாளால் பிளக் முனையைத் தேய்த்து, தட்டி இடைவெளி சரிசெய்து மறுபடி மாட்டுவார்கள். இரிடியம் முனை அரை மில்லிமீட்டர் கனம். உப்புத்தாள் பட்டால் அதோடு சரி. விலை குறைவென்று நிக்கல் பிளக்கைப் போட்டால் சில மாதத்தில் பழைய கதை திரும்பும். மரையில் கிரீஸ் தடவுவதைப் பல பிளக் தயாரிப்பாளர்களே வேண்டாம் என்கிறார்கள். வழுக்கலில் தேவைக்கு மேல் இறுகி மரை கெடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் மணிக்கட்டுக் கணக்கில் இறுக்குவதை இந்த அலுமினிய ஹெட் மன்னிக்காது. டூப்ளிகேட் பிளக் உலகச் சந்தை முழுக்க ஓடுகிறது. அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறாமல் முனையின் மெல்லிய கம்பியையும் அது பற்றவைக்கப்பட்ட நேர்த்தியையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பில்லோடு வாங்கினால் தகராறு வரும்போது கேட்க ஆள் இருக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய காயில் வாங்கலாம். கழற்றிய பிளக் வேண்டாம்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பிறகு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2008-இன் சிவிக்குகள் அந்த வாசலை 2023-இல் கடந்தன. முதல் ப்ரியஸ்கள் 2025-இல். சொந்தக்காரர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதா, புரோக்கரிடம் போவதா என்று தத்தளிக்கும் அந்த வாரத்தில்தான் 'பேட்டரி போச்சு' என்ற வார்த்தை வந்து விழுகிறது. தேய்ந்த பிளக்கோடு புகைப் பரிசோதனைக்குப் போனால் எரியாத பெட்ரோல் அளவு கூடி அங்கேயும் கெட்ட பெயர். புதுப் பிளக்கோடு போனால் அதே வண்டி வேறு வண்டி.

அடுத்த கூட்டமும் வந்துகொண்டிருக்கிறது. 2022-இல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஆண்டின் கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசையாக வந்தன. சிவிக்கையும் ப்ரியஸையும்போல இவை அரிய வண்டிகள் அல்ல. புழல் ஏரிக்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் கண்ணில் படும். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் இரண்டுக்கும் ஒரே 1.5 லிட்டர் எஞ்சின்: சிலிண்டர் மூன்று, பிளக்கும் மூன்று. அவற்றில் ஒன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிக் குலுங்கிக்கொண்டே காவாங்கரை ஷெட்டுக்கு வந்து நிற்கும் நாளில், விலை பேசுவதற்கு முன்னால் யாராவது அந்தப் பானட்டைத் திறக்க வேண்டும்.